பதினோராவது குறை

ஸ்ரீரங்கம்,
ஆடி மாதம், மூன்றாவது ஞாயிறு.

மருங்காபுரி சம்பந்தி திரு. நல்லுசாமி அவர்களுக்கும், சம்பந்தியம்மா வள்ளிக்கண்ணு அவர்களுக்கும், ஸ்ரீரங்கத்திலிருந்து வீரமலை, மனைவி அனுசுயாவையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு வணக்கம் சொல்லி எழுதுவது. அனுசுயாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது. அங்கே உங்கள் இருவர் உடம்பும், இரண்டு மாடுகளும், கிணற்றில் மிச்சமிருக்கும் தண்ணீரும் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று ரெங்கநாதரை வேண்டிக்கொள்கிறோம். மகன் அரவிந்தன் நேற்று சென்னையிலிருந்து பேசியபோது உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான். சொல்லிவிட்டேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் பத்து வார்த்தை சொல்கிறீர்கள். அதிலும் உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரிலேயே இருப்பதால் நடுவில் சம்பந்தியம்மா "என்ன சொல்றாரு, என்ன சொல்றாரு" என்று கேட்க, நீங்கள் நான் சொல்லாததை எல்லாம் நான் சொன்னதாக அவர்களுக்குச் சொல்ல, கடைசியில் நான் எதற்குப் போன் செய்தேன் என்பது எனக்கே மறந்துவிடுகிறது. கடிதம் குறுக்கே பேசாது. தயவுசெய்து முழுவதையும் படித்துவிட்டுத்தான் கோபப்பட வேண்டும். பாதியில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் தொடருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் என்னிடம் பேசியதை நான் மறக்கவில்லை. உங்கள் பெண்ணும் எங்கள் மருமகளுமான வைஷ்ணவிக்குச் சென்னை கம்பெனியிலிருந்து வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று பதில் போடவேண்டும், கல்யாணமாகி நாலு வருஷமாகியும் புருஷன் ஒரு ஊர், பெண்டாட்டி ஒரு ஊர் என்று இருப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை, இந்த மோட்டார்ப் பெட்டி செய்கிற கம்பெனியை மூன்று வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுததில் பெண் துரும்பாக இளைத்துவிட்டாள், ஆகையால் வீட்டுக்குப் பெரியவனான நான் என் வாயால் சொல்லி அதை மூடவைக்கவேண்டும் என்றீர்கள். பெற்ற மனசு, நியாயம்தான். நானும் சரி என்று தலையை ஆட்டினேன். போனில் தலையை ஆட்டியது உங்களுக்குத் தெரியாது என்பதால் வாயாலும் சொன்னேன். நான் சரி சொன்ன விதம் உங்களுக்குப் போதவில்லையோ என்னவோ, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னீர்கள். "என் கிணத்துல அவ மாட்டின முதல் பெட்டிய நானே கழட்டிப் பரண்ல போட்டுட்டேன் சம்பந்தி, அவகிட்ட சொல்லிடாதீங்க." அதற்கும் சரி என்றேன். ஆக மொத்தம் இரண்டு வாக்குக் கொடுத்தேன். ஐந்தே நாளில் இரண்டும் என்ன கதிக்கு ஆளாயின என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

திருச்சியைச் சுற்றிக் கம்ப்யூட்டர் தொழிலும் சின்னத் தொழிலும் செய்கிறவர்கள் ஒரு நாற்பது பேர் சேர்ந்து தொழில்முனைவோர் கூட்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒருத்தருக்கொருத்தர் கை கொடுப்பது, ஆர்டர் வாங்கித் தருவது, தெரிந்தவர்களை அறிமுகம் செய்து வைப்பது என்பதெல்லாம் அதன் நோக்கம். வாடகைக்கு இடம் பிடிக்க வசதி இல்லாததால் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் தன் சாப்பாட்டுக் கூடத்தைச் சும்மா கொடுக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை, முகூர்த்த நாளாக இருக்கக்கூடாது. இதனால் என்ன ஆயிற்றென்றால், இவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து அஷ்டமி, நவமி, கரிநாள் என்று தேடித் தேடித்தான் கூட்டம் போடுகிறார்கள். ஊரில் எவனும் எந்தத் தொழிலையும் தொடங்காத நாளில்தான் இவர்கள் தொழிலைப் பற்றிப் பேசுகிறார்கள். மார்கழியும் ஆடியும் இவர்களுக்குத் திருவிழா மாதிரி, வாராவாரம் கூட்டம். நீங்கள் மோட்டாருக்கு ஸ்விட்ச் போடுவதற்கே ராகுகாலம் பார்க்கிறவர், இதைக் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

நம் பெண்ணும் அதில் சேர்ந்திருக்கிறாள். நேற்று சனிக்கிழமை கூட்டம். வைஷ்ணவிக்கு விராலிமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெட்டி கெட்டுவிட்டது என்று காலையிலேயே போன் வந்து, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். மூன்று தடவை சேர்ந்தாற்போல் கூட்டத்துக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம், ஏற்கெனவே இரண்டு தடவை போகவில்லை, மாற்று ஆள் அனுப்பலாமாம். "மாமா, நீங்க போய் எனக்குப் பதிலா உக்காந்தா போதும். ஒரு நிமிஷம் பேசச் சொல்லுவாங்க. கம்பெனி பேரையும், மோட்டார்ல தண்ணி வரலேன்னா பெட்டி போன் பண்ணிச் சொல்லும்ங்கறதையும் சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள். மாற்று ஆள் என்ற வார்த்தையைக் கேட்டதும் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருஷம் ஷிப்ட் பார்த்தவனுக்கு உடம்பு தானாக விறைத்துக்கொண்டது. அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் கொடுத்த வாக்கும் ஞாபகம் வந்தது. அவளிடம் நேருக்கு நேர் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. சபையில் வைத்துக் கம்பெனியை மூடுகிறோம் என்று நானே அறிவித்துவிட்டால், விஷயம் அவள் காதுக்குத் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். அங்கே இலை போடும் மேஜைகளின்மேல் ஒவ்வொருவரும் தங்கள் சாமான்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ஒன்றில் தானாக எரியும் தெருவிளக்கு, இன்னொன்றில் மாட்டுக் கழுத்தில் கட்டும் ஏதோ ஒரு பட்டை, கம்பு பிஸ்கட் பாக்கெட், வெங்காயம் தரம் பிரிக்கும் சின்ன மிஷின். நான் வெறுமனே பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். ஆனால் இத்தனை வருஷம் யார்டில் வேகன்களைச் சோதித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாகியும் சட்டைப் பையில் ஒரு சாக்கட்டித் துண்டு இல்லாவிட்டால் எனக்குச் சட்டை போட்ட மாதிரியே இருப்பதில்லை. தெருவிளக்கில் ஒரு ஸ்க்ரூ இல்லை. மாட்டுப் பட்டையில் கொக்கி வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்தது, மாடு ஒரு தரம் கழுத்தைத் தேய்த்தால் கிழித்துவிடும். வெங்காய மிஷினில் பெல்ட் ஒரு நூல் கோணல். யோசனையே இல்லாமல் ஒவ்வொன்றிலும் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போய்விட்டேன். பிஸ்கட் பாக்கெட்டிலும் போட்டேன், மூடி ஒட்டவில்லை.

கூட்டம் ஆரம்பித்ததும் அதை நடத்துகிற சம்ரீன் என்ற பெண் எழுந்து நின்றது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கும் தொழிலாம், முப்பத்தைந்து வயசிருக்கும், பார்வையிலேயே நாற்பது பேரை உட்காரவைக்கிற பெண். சாமான்களில் யார் பெருக்கல் குறி போட்டது என்று கேட்டது. நான் கையைத் தூக்கினேன். எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சொன்னேன். வெங்காய மிஷின்காரர் நஸ்ருல்லா, காந்தி மார்க்கெட்டில் மண்டி வைத்திருக்கிறவர், முகம் சிவந்துபோய் எழுந்து போய் மிஷினைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். மாட்டுப் பட்டைக்காரப் பையன் மட்டும் என்னோடு பேசவே இல்லை.

பிறகு ஒரு நிமிஷப் பேச்சு தொடங்கியது. சம்ரீன் மேஜைமேல் ஒரு மணி வைத்திருந்தது, நிமிஷம் முடிந்தால் அடிக்கும். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கம்பெனி எவ்வளவு பிரமாதம், எத்தனை பேர் பாராட்டினார்கள், அடுத்த வருஷம் எந்தெந்த நாட்டில் கடை திறக்கப்போகிறார்கள் என்று சொன்னார்கள். எல்லாருக்கும் எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் சம்பந்தி. பேசும்போது சிரிப்பு, உட்கார்ந்ததும் அது போய்விடுகிறது. செருப்பு தேய்ந்திருந்தவர்கள் இருந்தார்கள், மத்தியானம் சாப்பிடாமல் வந்து சுண்டலை இரண்டு தரம் வாங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். கை கொடுப்பதற்காகக் கூடியிருக்கிறார்கள், ஆனால் எந்த இடத்தில் கையைக் கொடுப்பது என்று ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. யார்டில் நாங்கள் குறையுள்ள வண்டியைக் கண்டு பயந்ததே கிடையாது. குறையை மறைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற வண்டியைக் கண்டுதான் பயப்படுவோம். வண்டிக்கே அப்படியென்றால் மனுஷாளுக்கு எப்படி இருக்கும் என்று தோன்றியது.

என் முறை வந்தது. இங்கேதான் நான் செய்த தப்பை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், அதற்கு எங்கள் வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஒரு வேகனில் குறை கண்டால் 'சிக்', அதாவது சீக்கு வண்டி, என்று ஒரு சீட்டு ஒட்டுவோம். அதன்பிறகு எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் அந்த வண்டியை இழுக்க முடியாது. ரிப்பேர் பார்த்தபின் 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சீட்டைக் கிழிக்கலாம். உடைத்துப் பழைய இரும்பாக்குவதற்கு எழுதுகிற சீட்டு வேறு. அதை எழுதுவதற்கு முன்னால் எல்லாக் குறைகளையும் நம்பர் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரிசெய்ய வழியில்லை' என்று எழுதவேண்டும். ஒரே ஒரு குறைக்கு வழி இருந்தாலும் வண்டியை உடைக்கக்கூடாது, ரிப்பேருக்குத்தான் அனுப்பவேண்டும். இந்தப் பழக்கத்தில் ஊறினவன், கம்பெனியை மூடுகிறோம் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு எப்படி உட்காருவது? அதனால் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னாலேயே ஒரு தாளில் கம்பெனியின் குறைகளை எல்லாம் எழுதி எடுத்துப்போயிருந்தேன். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றையும் படிப்பேன், இதற்கு வழியில்லை என்று சபை சொல்லும், எழுதிக்கொண்டு மூடிவிடலாம். இதுதான் என் திட்டம்.

படிக்க ஆரம்பித்தேன். முதல் குறை, பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டிவிடுகிறது. இரண்டாவது, பெட்டியைச் சரிசெய்ய இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, ஒரு எறும்புக்காக அவள் நாலு மணி நேரம் பஸ்ஸில் போகிறாள். மூன்றாவது, போனில் வருகிற குரல் அவளுடைய சொந்தக் குரல், எல்லாரையும் அப்பா என்று கூப்பிடுகிறது, முதல் பெட்டியை உங்களுக்காகச் செய்ததால் அப்படிப் பதிவுசெய்துவிட்டு மாற்றாமலே விட்டுவிட்டாள். இதனால் வளநாட்டில் இருபத்தேழு வயசுக்காரர் ஒருவர் வீட்டில், அடிக்கடி போன் பண்ணுகிற இந்தப் பெண் யார் என்று பெரிய சண்டையே நடந்து, அவர் மச்சான்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். நாலாவது, கம்பெனிக்கு வைத்த இங்கிலீஷ் பெயர் வாங்குகிறவர் யார் வாயிலும் நுழையவில்லை, எல்லாரும் 'மருங்காபுரிப் பொண்ணு பொட்டி' என்றுதான் கேட்கிறார்கள். இதற்குள் சம்ரீன் மணியை அடித்துவிட்டது. ஸ்டேஷனில் மணி அடித்தால் வண்டி புறப்படும் என்று அர்த்தம், அதனால் நான் இன்னும் வேகமாகப் படித்தேன். ஐந்தாவது, குறை சொல்ல யாராவது போன் செய்தால் எடுக்க ஆளில்லை, வீட்டில் ஒருவர் சும்மா பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும்கூட.

அங்கேதான் ஒருவர் எழுந்து நின்றார். பெயர் செந்தமிழன், துவாக்குடியில் பிளாஸ்டிக் வார்க்கிற பட்டறை. இந்த முதல் குறை இருக்கிறதே, மூடியில் ஒரு ரப்பர் வளையம் வைத்து வார்த்தால் எறும்பென்ன, காற்றுகூட உள்ளே போகாது, அச்சு நான் போட்டுத் தருகிறேன், அதைத் தள்ளிவிட்டு மேலே படியுங்கள் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது சம்பந்தி. வழியில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்துவைத்திருந்தேன். அதற்குள் நஸ்ருல்லா எழுந்துவிட்டார். என் மேல் இருந்த கோபம் என்ன ஆனதோ தெரியவில்லை. வெங்காயம் இறக்கிவிட்டு அவர் மண்டியிலிருந்து தினமும் மூன்று வண்டி காலியாக மணப்பாறை, துவரங்குறிச்சி, விராலிமலை வழியாகத் திரும்புகிறதாம், பெட்டியோ ஆளோ ஏற்றிவிடுங்கள், பஸ் எதற்கு என்றார். அப்புறம் ஒரே தள்ளுமுள்ளுதான். குரலை மாற்றித் தருகிறேன் என்று ஒருத்தி, இன்னும் இரண்டு பேருக்கு ரிப்பேர் பழக்கிவிடலாம் என்று ஒருத்தர். பெயரை மாற்றுவது பற்றி நாலு பேர் தனியாக ஒரு மூலையில் போய்ச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தாவது குறைக்கு மட்டும் யாரும் எழவில்லை, எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பேப்பர் படிக்கிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. என் பெயரை நானே எழுதிக்கொண்டேன். ஆறிலிருந்து ஒன்பது வரை படித்ததற்கும் இப்படியே ஆள் வந்துவிட்டது. பத்தாவது குறை, உரிமையாளர் மத்தியானம் சாப்பிடுவதில்லை என்பது. கம்பு பிஸ்கட் செய்கிற வீரம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அது என்னோடதுங்க, எழுதிக்கிங்க" என்றார்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், என் தாளில் பத்துக் குறைக்கும் ஆள் வந்ததைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே பிரமாதமாகப் பேசிமுடித்தவர்கள் எல்லாம் எனக்கும் ஒன்று இருக்கிறது, எனக்கும் இரண்டு இருக்கிறது என்று எழ ஆரம்பித்தார்கள். தெருவிளக்குக்காரர், ஆறு மாதமாக ஒரு விளக்குகூட விற்கவில்லை, வீட்டில் சொல்லவில்லை என்றார். யாரும் கை தட்டவில்லை. பக்கத்திலிருந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். இதையெல்லாம் விட்டுவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். கம்பெனியை மூடமுடியவில்லை சம்பந்தி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கு எழுதியிருக்கலாம். ஆனால் தாளில் பதினோராவது ஒன்று மிச்சமிருந்தது. எழுதினதைப் படிக்காமல் விட்டால் அது பொய்க் கையெழுத்து. அவள்தான் இங்கே இல்லையே என்ற தைரியத்தில் படித்துவிட்டேன். "பதினொன்று. முதல் பெட்டியை வாங்கியவர், செய்தவளுடைய சொந்த அப்பா. அவரே அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்."

இதற்கு யார் எழுவார்கள்? எல்லார் பார்வையும் எனக்குப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தால், கை கழுவுகிற தொட்டிப் பக்கம் வைஷ்ணவி நின்றுகொண்டிருக்கிறாள். விராலிமலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், சுடிதாரெல்லாம் செம்மண், தோளில் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா நிஜமாவே பரண்ல போட்டுட்டாரா மாமா?" நான் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதுவே பதிலாகிவிட்டது. ஆட்டோவில் வரும்போது பாதி வழியில், "அப்ப சரி மாமா. வெள்ளிக்கிழமை சென்னைக்குச் சரின்னு பதில் போட்டுடறேன்" என்றாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. அழவில்லை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு, அனுசுயாவுக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

ஆக, நீங்கள் கேட்டதை நான் செய்து முடித்துவிட்டேன். கம்பெனி மூடப்போகிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று பார்த்தால் ராத்திரி முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. என்னுடையது போக ஒன்பது குறைக்கு ஊர்பேர் தெரியாதவர்கள் முன்வந்தார்கள். அதில் ஒன்றுக்குக்கூட அவள் முகம் மலர நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அவள் காதில் கடைசியாக விழுந்தது பதினொன்று. மூன்று வருஷமாக அவள் அந்தப் பெட்டியை யாருக்காகச் செய்துகொண்டிருந்தாள் என்று அந்த ஆட்டோவில் வரும்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் கிணற்றடியில் தண்ணீர் வராமல் ஓடியே மோட்டார் காந்திப்போய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பத்தாவது படிக்கும்போது பார்த்தாளாமே. அதை என்னிடம் ஒரு தரம் சொல்லியிருக்கிறாள், நான் பேப்பர் படித்துக்கொண்டே கேட்டேன். அரவிந்தனிடம் இன்று காலை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எந்த ஊரில் இருக்க ஆசைப்படுகிறாளோ அந்த ஊருக்கு நான் மாற்றல் கேட்டுக்கொண்டு வருகிறேன், நீங்கள் இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து அவளுக்கு ஊர் பார்க்கவேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அவனுக்கு வாய் நீண்டுவிட்டது. ஆனால் சொன்னது தப்பில்லை.

ஆகையால் உங்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்வது. சென்னைக்குப் போகவேண்டும் என்று அவளுக்கே ஆசை இருந்தால் நானே ரயில் ஏற்றிவிடுகிறேன். ஆனால் அப்பா பரணில் போட்டார் என்பதற்காகப் போகக்கூடாது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, திரும்ப மாட்டி, ஒரு போட்டோ எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்கு அனுப்புங்கள். எறும்பு இருந்தால் இருக்கட்டும், செந்தமிழன் பார்த்துக்கொள்வார். பதினோராவது குறையை உங்களைத் தவிர வேறு யாராலும் சரிசெய்ய முடியாது. ரகசியத்தைச் சபையில் உடைத்ததற்கு நீங்கள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் அதைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாடுகளுக்கு நல்ல மேய்ச்சலும், உங்கள் கிணற்றுக்கு ஆவணியிலாவது ஒரு நல்ல மழையும் கிடைக்கட்டும். உங்கள் கோபம் சீக்கிரம் தணிந்து, இரண்டு வீடும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிற காலம் வரட்டும் என்று ரெங்கநாதர் சாட்சியாக வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு, தங்கள் அன்புள்ள சம்பந்தி,
வீரமலை

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கவரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது, பதினோரு மணிக்கு, என் போன் அடித்தது. முன்பின் தெரியாத நம்பர். ஐந்தாவது குறையை ஏற்றுக்கொண்டவன் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு எடுத்தேன். "அப்பா, மோட்டார்ல தண்ணி வரலப்பா. நிறுத்திடுங்கப்பா" என்றது. நம் வைஷ்ணவியின் குரல். அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த வைஷ்ணவி கரண்டியோடு ஓடிவந்து நம்பரைப் பார்த்தாள். அது ஒன்றாம் நம்பர் பெட்டி, உங்கள் பெட்டி. நீங்கள் மூன்று தரம் எடுக்காவிட்டால் எனக்கு அடிக்கும்படி அவள் அன்றைக்கே வைத்திருந்தாளாம். மூன்று வருஷத்தில் ஒரு தரம்கூட எனக்கு அடித்ததில்லை. நீங்கள் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். இன்றைக்கு மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிற மேளச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை, நாங்கள் கூப்பிட்டபோதும் நீங்கள் எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சின்னையாவுக்கு அவள் போன் செய்து, அவர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டார், காந்தவில்லை, கவலைப்படவேண்டாம். பெட்டி கிணற்றடியில் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் இவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து, நேற்று அழாததை எல்லாம் சேர்த்து அழுதுவிட்டு, தோசை கருகுகிறது என்று எழுந்து போனாள். சென்னைக்கு என்ன பதில் என்று நான் கேட்கவில்லை. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: "மாமா, நஸ்ருல்லா அண்ணன் வண்டி நாளைக்கு எத்தன மணிக்குன்னு கேட்டு வைங்க." பெட்டிக்குள் இருக்கிற சிம் உங்கள் பெயரில் இருப்பது, மாதாமாதம் ரீசார்ஜ் செய்யாவிட்டால் செத்துப்போய்விடும் என்றும் அவள்தான் சொன்னாள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பரணில் கிடக்கிற பெட்டிக்கு மூன்று வருஷமாக மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது யார் சம்பந்தி?